ஒன்றேகால் மணி நேரத்து ஊர்

ஆன்ட்டிக்குக் கிலோமீட்டர் என்ற சொல்லே பிடிக்காது. "பொண்ணை எங்க குடுத்திருக்கீங்க?" என்று யாராவது கேட்டால் "ஹூப்ளி" என்பார். அது எந்தத் திசை என்று கேட்டவர் யோசிக்கத் தொடங்குவதற்குள் "ஒன்னேகால் மணி நேரம்" என்று சேர்த்துவிடுவார். விமானத்தில் என்று சொல்லமாட்டார். அதை அவர்களாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்காமல் போனவர்கள் ஹூப்ளி என்பது திண்டிவனத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் ஏதோ ஊர் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருப்பார்கள்.

செம்பாக்கத்தில், ஏரிக்குப் போகும் தெருவில் அவருடைய வீடு. கீழே அவர் தனியாக இருந்தார். மாடியில் நானும் அம்மாவும் வாடகைக்கு இருந்தோம். அவருடைய கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். நாங்கள் அங்கே குடிபோவதற்கு முன்பே காலமாகிவிட்டார். ரயில்வே குடும்பங்களுக்குச் செலவில்லாமல் ரயிலில் போய்வர வருடாவருடம் பாஸ் உண்டு. கணவர் போன பிறகும் ஆன்ட்டிக்கு அது வந்துகொண்டிருந்தது. ரயிலில் ஹூப்ளி போக ஒரு முழு இரவும் மறுநாள் காலையில் பாதியும் ஆகும். அந்தக் கணக்கை அவர் வாயிலிருந்து நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. விமானத்தில் கால் வைக்காதவர், கையில் ரயில் பாஸை வைத்துக்கொண்டு, விமானத்தால் ஊரை அளந்துகொண்டிருந்தார்.

நான் அப்போதுதான் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். செக்-இன் கவுண்டரில் பயணிகளின் பெட்டியை எடை பார்த்து, பட்டை ஒட்டி, போர்டிங் பாஸ் கொடுத்து அனுப்பும் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கைநாட்டுதான். இப்போதெல்லாம் ரேஷன் கடையில் படித்தவர்களும் கைரேகைதான் வைக்கிறார்கள் என்பதில் அவளுக்கு ஒரு திருப்தி. பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் பட்டம் வாங்கிய அன்று, அந்தக் கறுப்பு அங்கியோடு மின்சார ரயிலில் வரச் சொன்னவள் அவள். நான் கேட்கவில்லை. ஆனால் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலேயே திரிசூலத்திலிருந்து தாம்பரம் வரை ரயிலில் நின்றுகொண்டு வருவேன். நாள் முழுக்க நின்ற கால், ரயிலிலும் நிற்கும். அட்டை மட்டும் நேராகத் தொங்கவேண்டும்.

தாம்பரத்தில் இறங்கி, பஸ் பிடித்து, வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போது ஆன்ட்டி வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

"என்ன ஏர்போர்ட்டு, ஹூப்ளி போச்சா?"

"போச்சு ஆன்ட்டி."

"நேரத்துக்கா?"

"பத்து நிமிஷம் லேட்டு."

"பத்து நிமிஷம் என்ன, பரவாயில்ல." தானே ஏறி உட்கார்ந்து பொறுத்துக்கொண்டதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த தொட்டிக்கு நகர்வார்.

அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக நினைவில்லை. ஏர்போர்ட்டு, அவ்வளவுதான். முதலில் எனக்கு அது பெருமையாக இருந்தது. பிறகு, வீடு வந்து சேரும்போது ஒரு வார்த்தை பேசக்கூடத் தெம்பில்லாத நாட்களில், கேட்டைத் திறக்கும் முன்பே "போச்சு ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு மாடி ஏறிவிடுவேன். ஹூப்ளி விமானம் என் கவுண்டருக்கு வருவதுகூட இல்லை. அவருக்காகவே விமான நேரப் பலகையைப் பார்த்துவைத்துக்கொண்டு வருவேன்.

அம்மாவுக்கு இது புரிந்ததே இல்லை. "இன்னாடி அது, தெனம் ஏரோபிளேன் போச்சா வந்துச்சான்னு கேட்டுகினே கீது அந்தம்மா. இது எப்போ போவுமாம்?"

"எப்ப வேணா போவாங்களாம்."

"எப்ப வேணான்னா எப்ப?"

அதுதான் யாருக்கும் தெரியாது.

அந்த ஒன்றேகால் மணி நேரம் எங்கிருந்து வந்தது என்பதை ஆன்ட்டியே ஒருநாள் சொன்னார். தேவாலயத்துக்குப் போக அவரும், வேலைக்குப் போக நானும் ஒரே ஆட்டோவில் ஏறி, கேம்ப் ரோடு சிக்னலில் மாட்டிக்கொண்ட ஞாயிற்றுக்கிழமை அது. மகள் பியூலாவைப் பெண் பார்க்க வந்தவர்களும் ரயில்வே குடும்பம்தான், பல வருடங்களாகக் கர்நாடகத்து ஹூப்ளியிலேயே இருக்கும் தமிழர்கள். பையன் நல்லவன், குடிக்கமாட்டான், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். எல்லாம் பொருந்தியது. ஆன்ட்டியின் கணவர் மட்டும் முடியாது என்றார்.

"பொண்ணு அழுதா காது கேக்கணும். அந்தத் தூரத்துலதான் குடுப்பேன்னு உக்காந்துட்டாரு."

அப்போது மாப்பிள்ளையின் சித்தப்பா தன் போனை எடுத்து நீட்டினாராம். எந்த இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டாலும், நடுவில் எத்தனை கிலோமீட்டர், பறக்க எவ்வளவு நேரம் என்று காட்டும் ஏதோ பக்கம். அறுநூறு கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம் என்று போட்டிருந்தது. நம்மூர் வாசலிலிருந்து விமானத்துக்குப் போகும் நேரமும், அங்கே இறங்கி வீடு போகும் நேரமும், அன்றைக்கு விமானம் உண்டா என்பதும் அதில் இல்லை. ஆனால் ஆன்ட்டி முதல் எண்ணை விட்டுவிட்டு இரண்டாவது எண்ணைப் பிடித்துக்கொண்டார்.

"நான் சொன்னேன். ஒன்னேகால் மணி நேரங்க, இங்கேர்ந்து கேளம்பாக்கம் போற நேரம். ஒரு ஆத்திர அவசரம்னா போய் நிக்கமாட்டமான்னேன். அவரு போனைப் பாக்கல. என்னைப் பாத்தாரு. யாரு போய் நிப்பான்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் நிப்பேன்னேன். பியூலா கதவுக்குப் பின்னாடிதான் நின்னா. அவளும் கேட்டுக்கிட்டுதான இருந்தா." சிக்னல் விழுந்தது. ஆட்டோ நகரவில்லை. "அவ கழுத்துல தாலி ஏறுனது அந்த ஒரு வார்த்தையிலதான் ஏர்போர்ட்டு."

ஆட்டோ ஓட்டியவர் எங்கள் தெருவின் கடைசி வீட்டில் இருந்த பாய். கண்ணாடி வழியாக எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவருடைய மகளைக் கேளம்பாக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். அதை வைத்து இருவருக்கும் நிரந்தரமான ஒரு வாய்ச்சண்டை உண்டு.

"போன வாரம் பொண்ணு வூட்டுக்குப் போனேன்மா. மேடவாக்கத்துல மாட்டினு, சித்தாலப்பாக்கத்துல மாட்டினு, ஒரே பேஜாரு. போய்ச் சேர ரெண்டு மணி நேரம்."

"பாத்தீங்களா பாய்? என் பொண்ணுதான் பக்கம்."

"கரெக்டுதான்மா. ஆனா நான் போயிட்டு வந்துட்டனே."

ஆன்ட்டி வாய்விட்டுச் சிரித்தார். கோபம் வராது அவருக்கு. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்ப்பார்.

இந்தக் கணக்கைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளாமல் ஊருக்கும் வழங்குவார். தேவாலயத்தில் யாராவது மகன் தூரத்தில் இருக்கிறான் என்று கண் கலங்கினால் போதும். "மதுரையா? ஒரு மணி நேரங்கூட இல்ல. தூத்துக்குடியா? ஒன்றரைன்னு வை." துக்கம் விசாரிக்கும் தொனியில் நேரத்தைச் சொல்லிக் கையைத் தட்டிக்கொடுப்பார். அவர்கள் கொஞ்சம் தேறித்தான் போவார்கள். எனக்கென்னவோ அதைப் பார்க்கும்போது ஒருவிதக் களைப்பு வரும். ஒரு மணி நேர ஊருக்கு விடியற்காலையிலேயே எழுந்து, குழந்தைகளை இழுத்துக்கொண்டு, வரிசையில் நின்று, கால் வீங்கிப்போய் என் கவுண்டருக்கு வந்து சேர்கிறவர்களை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

பியூலா இரவுச் சாப்பாட்டுக்கு முன்பு கூப்பிடுவாள். ஆன்ட்டிக்குக் காது சற்று மந்தம், அதனால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். மாடிப்படியில் உட்கார்ந்து காற்று வாங்கும் எனக்கும் அம்மாவுக்கும் எல்லாம் கேட்கும்.

"இங்க மழை விடவே மாட்டேங்குதும்மா. துணி காயல. பசங்க ரெண்டும் ஸ்கூலுக்குப் போயிடுது, இவரு டியூட்டிக்குப் போயிடுறாரு. தமிழ்ல பேச ஒரு ஆள் இல்ல. ஒரு வாரம் வந்து இரேன்."

"ஏன்டீ ஏதோ வெளிநாட்டுல இருக்கறாப்ல பேசற? அடுத்த தெரு மாதிரிதான. ஒன்னேகால் மணி நேரம். நெனச்சா வந்துருவேன்."

"அப்ப நெனையேன்ம்மா."

"சாப்டியா? என்ன குழம்பு?" என்பார் ஆன்ட்டி.

இரண்டு பிரசவத்துக்கும் போயிருக்கிறார், பாஸில், ரயிலில். அது தவிரப் போனதில்லை. மகள் மேல் பாசம் இல்லாமலா? அடுப்படியில் நின்றால் பியூலா பேச்சு, செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் பியூலா பேச்சு. எனக்குத் தோன்றியது வேறு. ஹூப்ளி தூரம் என்று ஒப்புக்கொண்டிருந்தால் நாள் பார்த்து, வீட்டைப் பூட்டி, மூட்டை கட்டிக் கிளம்பியிருப்பார். பக்கத்து ஊர் என்பதால் என்றைக்கு வேண்டுமானாலும் போகலாம் என்று இருந்துவிட்டார். ரயிலில் போனால் அந்த இரவு முழுக்கக் கணவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்குமோ என்னவோ.

கணவர் இறந்தது ஒரு காலை நேரத்தில். குளித்துவிட்டு வந்தவர் உட்கார்ந்தபடியே சரிந்துவிட்டார். ஹூப்ளியிலிருந்து அன்றைய விமானம் அதற்குள் போய்விட்டிருந்ததாம். பியூலா இரண்டு குழந்தைகளோடு ரயிலேறி மறுநாள் வந்தாள். அவளுக்காகச் சவப்பெட்டியை மூடாமல் வைத்திருந்தார்கள். இதை ஆன்ட்டி சொல்லவில்லை, பாய் சொன்னார். தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு வந்தது அவருடைய ஆட்டோதான். "வழியெல்லாம் அந்தப் பொண்ணு ஒண்ணுமே பேசலம்மா. எறங்கும்போது 'அண்ணா, லேட்டாயிடுச்சா'ன்னு மட்டும் கேட்டுச்சு."

ஒருநாள் ஹூப்ளி பலகையிலிருந்து போய்விட்டது. விசாரித்தேன். நேரடி விமானத்தை நிறுத்திவிட்டார்கள் என்றார்கள். அன்று மாலை கேட்டைத் திறந்ததும் வழக்கமான கேள்வி வந்தது.

"நிறுத்திட்டாங்க ஆன்ட்டி."

"இன்னைக்கா?"

"இன்னையிலேர்ந்து."

குழாயை மூடினார். "ஏனாம்?"

"போறதுக்கு ஆள் இல்லையாம்."

அவர் முகத்தைப் பார்த்ததும் அதை வேறு மாதிரி சொல்லியிருக்கலாம் என்று பட்டது. "பெங்களூர் போய் வேற பிளேன் மாறலாம் ஆன்ட்டி. நடுவுல கொஞ்சம் காத்திருக்கணும்."

"மாறினா என்ன? பறக்கற நேரம் அதேதான?" குழாயைத் திரும்பத் திறந்தார். "போடுவாங்க. கடையை மூடுனவன் திறக்கமாட்டானா."

மறுவாரம் தேவாலய வாசலில் யாரோ கேட்டார்கள். ஹூப்ளி, ஒன்னேகால் மணி நேரம் என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் போனது. எனக்கு வார விடுமுறையாக இருந்த ஒரு நாள் காலையில், பால் பொங்குவதற்கு முன்பு, ஆன்ட்டி மாடி ஏறி வந்தார். முட்டிவலியால் அவர் மாடிக்கு வருவதே இல்லை. கையில் பை, நல்ல சேலை, கால் இரண்டிலும் வேறு வேறு செருப்பு.

"பியூலாவுக்கு நேத்துலேர்ந்து வயித்துவலி. குடல்வால் வீங்கியிருக்காம். வெடிக்கறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணணுமாம், இன்னைக்கே. அம்மாவைப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன்னு அழுவுறாளாம்." மூச்சு வாங்கினார். "ஒன்னேகால் மணி நேரத்துல வந்துர்றேன், இருடீன்னு சொல்லிட்டேன்."

"ஆன்ட்டி, நேர் பிளேன் இல்லையே."

"தெரியும்." படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "வாய் தானா சொல்லிடுச்சு. நீ கூட வா. டிக்கெட்டு நான் எடுக்கறேன். எனக்கு அந்த எடத்துல ஒண்ணும் தெரியாது."

நான் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. அதை வெளியே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மா போட்டு உடைத்தாள். "இவளே ஏறினது இல்லம்மா. மத்தவங்களத்தான் ஏத்தி வுடுவா."

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். அந்த நேரத்திலும் அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது. "வாசப்படி வரைக்கும் தெரியுமில்ல, போதும். வா."

பாய் ஆட்டோவை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். போனிலேயே டிக்கெட் எடுத்தேன். பெங்களூருக்குக் காலை விமானம், அங்கிருந்து ஹூப்ளிக்கு மதியம் ஒரு விமானம். அதற்கு முன்னால் எதுவும் இல்லை. சானடோரியம் தாண்டிக் குரோம்பேட்டையில் வண்டிகள் அசையவே இல்லை. பாய் அன்றைக்கு எந்த ஜோக்கும் அடிக்கவில்லை. பல்லாவரம் மேம்பாலத்தில் மட்டும், "பயப்படாதீங்கம்மா. போய்டலாம்" என்றார். ஆன்ட்டி பையின் காதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தார்.

தினமும் நான் நிற்கும் கவுண்டரின் இந்தப் பக்கம் முதன்முறையாக நின்றேன். என்னோடு வேலை பார்ப்பவள் கண்ணைச் சிமிட்டினாள். அதன் பிறகு எந்தப் பக்கம் திரும்புவது என்பது ஆன்ட்டிக்குத் தெரியாத அளவுக்கு எனக்கும் தெரியாது. வேகமாக நடந்தேன். வேகமாக நடந்தால் தெரிந்தவள்போல இருக்கும்.

விமானம் மேலே எழும்பும்போது இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். முதலில் பிடித்தது யார் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. பெங்களூரில் இறங்கியதும் ஆன்ட்டியின் முகம் தெளிந்துவிட்டது. "பாத்தியா? கண்ண மூடித் திறக்கல. நான் சொன்னா யாரு நம்புறா?" என்றார். அந்த ஐந்து நிமிடம் அவர் ஜெயித்தவராக நடந்தார்.

பிறகு நாற்காலி. வரிசை வரிசையாக, இரும்பில் செய்த, சாய்ந்தால் முதுகை உறுத்தும் நாற்காலிகள். உட்கார்ந்தோம், எழுந்தோம், திரும்ப உட்கார்ந்தோம். ஆன்ட்டி கால்களைப் பார்த்துவிட்டு, செருப்பு ஜோடி மாறியிருப்பதை அப்போதுதான் கவனித்து, சேலைக்குள் இழுத்துக்கொண்டார். எதுவும் சாப்பிட மறுத்தார். நடுப்பகலில் பலகையில் எங்கள் விமானத்துக்கு நேராக எழுத்து மாறியது. ஹூப்ளியில் மேகம், விமானம் தாமதம். எவ்வளவு தாமதம் என்று போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் நான் வழக்கமாகச் சிரிக்கும் அதே சிரிப்போடு, நான் வழக்கமாகச் சொல்லும் அதே பதிலைச் சொன்னாள். தெரிந்ததும் அறிவிப்பார்களாம்.

திரும்பி வந்தபோது ஆன்ட்டியின் போன் ஸ்பீக்கரில் இருந்தது. மாப்பிள்ளையின் குரல்.

"எங்க வந்துட்டீங்க அத்தை? அவ உள்ள போகமாட்டேங்கறா. டாக்டர் என்னைத் திட்டறாரு. இனிமே தள்ளக்கூடாதுன்றாரு."

"இதோ மாப்ளை, பெங்களூர் வந்தாச்சு. இனிமே என்ன…"

"இங்க எத்தனை மணிக்கு வருவீங்க? அதைச் சொல்லுங்க அத்தை. அவகிட்ட சொல்லணும்."

ஆன்ட்டி என்னை நிமிர்ந்து பார்த்தார். பலகையைப் பார்த்தார். அதற்குள் போன் கை மாறிவிட்டது.

"ம்மா." பியூலாவின் குரல் தேய்ந்து வந்தது. "நீ வந்துருவல்ல? பெங்களூர்லேர்ந்து இன்னும் கொஞ்சந்தான? நான் பொறுத்துக்குவேன். அப்பாவத்தான் உயிரோட பாக்க முடியாமப் போச்சு. உன்னைப் பாத்துட்டு உள்ள போறேன்."

அந்தக் கூட்டத்தில், பெட்டிகள் உருளும் சத்தத்தில், ஆன்ட்டி எழுந்து நின்றார். யாராவது பெரியவர் எதிரே வந்தால் எழுந்து நிற்பதுபோல. வாய் திறந்தது. அந்த ஒன்றேகால் மணி நேரம் அதில் வந்துவிடும் என்று பயந்தேன்.

"பியூலா, நான் தூரத்துல இருக்கேன்."

"எங்க? பெங்களூர்தான?"

"பெங்களூர்தான். ஆனா தூரம்டீ. பிளேன் எப்பக் கிளம்பும்னே தெரியல. பொழுதுக்குள்ள வருவனான்னு தெரியல." குரல் உடையவில்லை. ஒவ்வொரு சொல்லையும் பெயர்த்து எடுத்து வைப்பதுபோலச் சொன்னார். "ரொம்ப தூரம். உன்னை ரொம்ப தூரத்துல குடுத்துட்டேன். எனக்காகக் காத்திருக்கக் கூடாது. உள்ள போ. நான் சொல்றேன், போ."

அழுவாள் என்றுதான் நினைத்தேன்.

"எனக்கு எப்பவோ தெரியும்மா" என்றாள் பியூலா. "உனக்குத்தான் தெரியலையோன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

பிறகு மாப்பிள்ளையின் குரல். "போறாளாம் அத்தை. கையெழுத்துப் போட்டுட்டா."

ஆன்ட்டி உட்கார்ந்தார். நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். எத்தனையோ பேர் எங்களைக் கடந்து போனார்கள். ஒருவர் பலகையைப் பார்த்துவிட்டு, ஆன்ட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்களும் ஹூப்ளியா? வெளியூரா?" என்று ஆங்கிலமும் தமிழும் கலந்து கேட்டார். எந்த நேரத்தையும் சேர்க்காமல், "ஆமா. பொண்ணு இருக்கா" என்றார் ஆன்ட்டி.

பொழுது சாயும் நேரத்தில் எங்களைக் கூப்பிட்டார்கள். விசிறி வைத்த சின்ன விமானம். மேகத்துக்குள் அது குலுங்கியபோது ஆன்ட்டி என் கையைப் பிடிக்கவில்லை. கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய ஜெபம் செய்துகொண்டே வந்தார். ஹூப்ளியில் மழை தூறியது. வாடகைக் காரில் போகும் வழியெல்லாம் கடைப்பலகைகளில் எனக்குப் படிக்கத் தெரியாத எழுத்து. படித்தவள் என்று நான் சுமந்துகொண்டு வந்த எதுவும் அந்தத் தெருவில் செல்லாது. பியூலா இந்தத் தெருக்களில் தனியாக இறங்கி நடந்த முதல் நாளை நினைத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை மருத்துவமனை வாசலிலேயே நின்றிருந்தார். ஆன்ட்டி காரிலிருந்து இறங்கவில்லை. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் காலைக் கீழே வைத்தார்.

"நல்லா முடிஞ்சுது அத்தை. கொஞ்சம் தாமதிச்சிருந்தா வெடிச்சிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. இப்ப முழிச்சுட்டா."

அறைக்குள் பியூலா கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தாள். போனில் மட்டுமே கேட்ட குரலுக்கு அப்போதுதான் முகம் கிடைத்தது. அப்படியே ஆன்ட்டியின் நெற்றி. ஆன்ட்டி கட்டிலுக்கு ஓரமாகப் போய் நின்றார். தொடவில்லை. தொடலாமா என்று கேட்பதுபோல நின்றார்.

"எப்பக் கிளம்புன?"

"விடிஞ்சதும்."

"சாப்டியா?"

"இல்ல."

பியூலா அவருடைய கால்களைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்து, தையல் இழுத்து, முகம் சுளித்தது. பிறகு வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் கம்பியைப் பற்றி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுவர்ப்பக்கம் நகர்ந்தாள். ஒரு ஆள் ஒடுங்கிப் படுக்கும் அளவுக்கு இடம் விழுந்தது.

"படு."

"ஐயோ, வேணாம்டீ. ஆஸ்பத்திரிக் கட்டிலு."

"படும்மா."

ஆன்ட்டி செருப்புகளைக் கழற்றிவிட்டு, ஓரத்தில், பாதி உடம்பு வெளியே தொங்க, படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஒருவர் உள்ளே வந்து, பார்த்து, திடுக்கிட்டு, கன்னடத்தில் சத்தம் போட்டார். ஆன்ட்டி பதறி எழப்போனார். பியூலா அவர் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நர்ஸிடம் அதே மொழியில் ஏதோ சொன்னாள். நீளமாக இல்லை, ஒரே ஒரு வாக்கியம். நர்ஸ் ஆன்ட்டியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கட்டிலில் மடித்திருந்த போர்வையை எடுத்து அவர்மேல் போட்டுவிட்டுப் போனார்.

மாப்பிள்ளையும் நானும் கதவருகில் நின்றிருந்தோம். "என்ன சொன்னாங்க?" என்று அவரிடம் மெதுவாகக் கேட்டேன்.

"'எங்கம்மா, ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க'ன்னு சொன்னா."